மாதிரி ராக்கெட்டும் தென்காசிக் காற்றும்

மாதிரி ராக்கெட் என்பது காகிதக் குழாய், பால்சா மரம், பிளாஸ்டிக் மூக்கு ஆகியவற்றைக் கொண்டு கையால் செய்யப்படும் சிறு ராக்கெட். நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். மோட்டாரையும் சேர்த்து எடை 50 கிராம் அளவு. தீபாவளி ராக்கெட் மேலே போய் வெடித்துத் தீர்ந்துவிடும். மாதிரி ராக்கெட் வெடிப்பதில்லை. உச்சிக்குப் போனதும் தன் வயிற்றிலிருக்கும் பாராசூட்டை வெளியே தள்ளி, மெல்ல இறங்கி வரும். வேறு மோட்டாரைச் செருகினால் மறுபடியும் பறக்கும். திரும்பி வருவதற்கென்றே செய்யப்பட்டது அது. தென்காசி வட்டாரத்தில் சிக்கலும் அங்கேதான். ஏற்றிவிடுவது யாராலும் ஆகும். இறங்கும்போது காற்று தன் பங்கைக் கேட்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலை இந்த வட்டாரத்துக்குச் சுவர் போல நிற்கிறது. அந்தச் சுவரில் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், ஒரு திறப்பு உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தையும் ஈரத்தையும் சேர்த்து அந்தத் திறப்பு வழியாகத் தள்ளுகிறது. குற்றாலத்துக்குச் சாரல் வருவதும், மழை அதிகம் பெய்யாத நாளிலும் அருவியில் தண்ணீர் விழுவதும் அதனால்தான். சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துப் பொட்டல்களில் காற்றாலைகள் நிற்பதற்கும் அதே காற்றுதான் காரணம். தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுர வாசலைக் கடந்தவர்களுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. உள்ளே அடியெடுத்து வைக்கும்போதே முகத்தில் அடித்து, வேட்டியைப் பிடித்து இழுக்கும் காற்று அது.

ராக்கெட்டுக்கும் காற்றுக்கும் உள்ள உறவு பெரிய ராக்கெட்டுகளிலும் பழையது. மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று கிளம்பிய நைக்-அப்பாச்சி ராக்கெட்தான் இந்திய மண்ணிலிருந்து விண்ணுக்குப் போன முதல் ராக்கெட். அது சுமந்து போன சரக்கு சோடியம் ஆவி. அந்தி வெளிச்சத்தில் அந்த ஆவி நிறம் காட்டி மேகமாக நிற்கும். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று படம் பிடித்தால் அந்த உயரத்துக் காற்றின் திசையும் வேகமும் தெரிந்துவிடும். பிறகு வந்த ரோகிணி-200 ராக்கெட்டுகள் செப்பு இழைத் துணுக்குகளை மேலே உதிர்த்தன. அவை மிதந்து போகும் பாதையை ரேடார் தொடர்ந்தது. அந்த ரோகிணி வரிசையில் ஒன்றுதான் 2024 பிப்ரவரி 28 அன்று, குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய நாளில், அங்கிருந்து ஏவப்பட்டது. காற்று எப்படி இருக்கிறது என்று மேலே போய் விசாரித்து வருவது நெடுங்காலம் ராக்கெட்டின் வேலையாகவே இருந்திருக்கிறது.

மாதிரி ராக்கெட் பிறந்த கதை அமெரிக்காவில் நடந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் என்ற ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவருக்கு வாணவேடிக்கையில் பித்து. காகிதக் கூட்டுக்குள் கருமருந்தை அடைத்து, கழற்றி மாற்றக்கூடிய மோட்டாரை 1950களின் நடுவில் அவர் செய்தார். 1957இல் ஸ்புட்னிக் பறந்ததும் அந்நாட்டுப் பிள்ளைகள் இரும்புக் குழாய்களில் கண்ட கண்ட ரசாயனங்களைத் திணித்துக் கொளுத்தத் தொடங்கினார்கள். விரலும் கண்ணும் போயின. அதே ஆண்டு, ராக்கெட் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் ராக்கெட் பாதுகாப்பைப் பற்றி எழுதப்போய், கார்லைலின் மோட்டாரை அறிந்து, அதைக் கொண்டு பாதுகாப்பான ஒரு பொழுதுபோக்கை உருவாக்கினார். அடுத்த ஆண்டு வெர்ன் எஸ்டெஸ் அதே மோட்டாரை இயந்திரத்தில் அச்சடித்தாற்போல் செய்யும் வழியைக் கண்டார். பெட்டியில் பாகங்களாக விற்கும் கிட், கடையில் வாங்கும் மோட்டார் என்ற இன்றைய ஏற்பாடு அங்கிருந்து வந்தது.

அன்று வகுத்த விதி இன்றும் மாறவில்லை. ராக்கெட்டின் உடலில் உலோகம் கூடாது, மருந்தைக் கையால் தொடக்கூடாது, தீக்குச்சியால் பற்றவைக்கக்கூடாது. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்பு படைகள் ஆங்கிலேயர்மேல் ஏவிய ராக்கெட்டுகளுக்கு இரும்புக் கூடு இருந்தது. கூடு வலுவாக இருந்ததால் உள்ளே அழுத்தம் ஏறியது, தூரமும் கூடியது. மாதிரி ராக்கெட் வேண்டுமென்றே அதற்கு எதிர்த்திசையில் போகிறது. பிசகு நேர்ந்து மோட்டார் பிளந்தாலும் சிதறுவது காகிதமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு.

மோட்டார் ஏறக்குறைய பெருவிரல் அளவுக் காகிதக் குழாய்: 18 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம். கீழ்முனையில் களிமண் அடைப்பு, அதில் ஒரு சிறு துவாரம். அதற்கு மேல் இறுக்கி அடைத்த கருமருந்து. அது எரிந்து வாயு துவாரம் வழியாகச் சீறும்போது ராக்கெட் மேலே போகிறது. அதற்கு மேல் மெதுவாகப் புகைந்து எரியும் மருந்து ஒரு அடுக்கு. இது தள்ளாது, நேரத்தை மட்டும் கடத்தும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிட்டிகைத் துகள்மருந்து. நேரம் முடிந்ததும் அது முன்பக்கமாகப் பொக்கென்று வெடித்து, மூக்கைக் கழற்றி, பாராசூட்டை வெளியே தள்ளும். ஒரே திரியில் மூன்று வேலை. வாணக்காரர்கள் தலைமுறைகளாகச் செய்து வந்த அடுக்கு வித்தையை அளந்து அச்சில் வார்த்ததுதான் இது.

மோட்டாரின் மேல் ‘ஏ8-3’ என்பது போல ஒரு குறி இருக்கும். எழுத்து மொத்த உந்தத்தைச் சொல்லும். ஏ என்றால் 2.5 நியூட்டன்-நொடி வரை, பி என்றால் 5 வரை, சி என்றால் 10 வரை. எழுத்துக்கு எழுத்து இரட்டிப்பு. நடுவில் உள்ள 8 சராசரித் தள்ளுவிசை, நியூட்டனில். ஒரு நியூட்டன் என்பது கையில் 100 கிராம் எடையைத் தாங்கும் விசை என்று கொண்டால் பெரிய பிழை இல்லை. கடைசி எண், தள்ளும் மருந்து தீர்ந்தபின் பாராசூட் வெளிவர எத்தனை நொடி ஆகும் என்பது. தென்காசிக்குத் தெற்கே இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதித்துப் பார்க்கும் விகாஸ் எஞ்சினின் தள்ளுவிசை ஏறக்குறைய 800 கிலோநியூட்டன். ஏ8 மோட்டாரைப் போல ஒரு லட்சம் மடங்கு. இரண்டும் ஓடுவது நியூட்டனின் மூன்றாம் விதியில்தான்.

மோட்டார் கருமருந்துச் சரக்கு என்பதை மறக்கக்கூடாது. இந்தியாவில் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டு விதிகளும் இத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்துகின்றன. தபாலில் அனுப்ப முடியாது. விமானத்தில் பெட்டியில் வைத்து வரவும் முடியாது. உரிமம் உள்ளவரிடமிருந்து முறையாக வந்த மோட்டாரைத் தவிர வேறு எதையும் நாடக்கூடாது. சிவகாசி பக்கத்தில்தானே இருக்கிறது, பட்டாசைப் பிரித்து மருந்தை எடுத்து அடைத்தால் என்ன என்று தோன்றலாம். பட்டாசு மருந்துக்கும் தள்ளும் மருந்துக்கும் கலவையே வேறு. உராய்விலேயே பற்றிக்கொள்ளும் மருந்துகளும் பட்டாசில் உண்டு. பள்ளி சார்பில் ஏற்றுவதானால் காவல் நிலையத்துக்கும் வருவாய்த் துறைக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி பெறுவதே முறை. குற்றாலம் மலையும் அதன் சரிவுகளும் வனத்துறைக் காடு. அங்கே தீப்பெட்டியே கொண்டுபோகக்கூடாது என்னும்போது ராக்கெட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

கிட்டைப் பிரித்தால் உடற்குழாய், மூக்குக் கூம்பு, மோட்டார் தங்கும் சிறு குழாய், அதைக் கவ்வும் கொக்கிக் கம்பி, பால்சாப் பலகை, எலாஸ்டிக் நாடா, பாராசூட், ஸ்ட்ரா போன்ற ஒரு சிறு குழல் ஆகியவை இருக்கும். நிதானமாகச் செய்தால் இரண்டு மாலைகள் போதும். அவசரப்படக்கூடாத வேலை வால்துடுப்பு ஒன்றுதான்.

பால்சா பஞ்சு போல் லேசான மரம். நகம் பட்டாலே தடம் விழும். துடுப்பை வெட்டும்போது மரத்தின் இழை முன்விளிம்போடு ஒட்டி ஓட வேண்டும். இழை குழாய்க்கு இணையாக ஓடினால், தரையில் மோதும்போதோ காற்று உலுக்கும்போதோ துடுப்பு வேரோடு பிளந்துவிடும். உப்புத்தாளால் முன்விளிம்பை உருட்டியும் பின்விளிம்பை மெலித்தும் தேய்க்க வேண்டும். மூன்று துடுப்புகளுக்கு இடம் குறிக்க, ஒரு காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றி வைத்து, சுற்றளவுக்கு வெட்டி, மூன்றாக மடித்தால் போதும். அந்தப் புள்ளிகளிலிருந்து குழாயின் நீளத்துக்கு நேர்கோடு இழுப்பதுதான் பலருக்கும் தடுமாற்றம். வளைந்த பரப்பில் அடிக்கோல் நிற்காது. கதவு நிலையின் உள்மூலையில் குழாயைச் சாய்த்து வைத்து, நிலைச்சட்டத்தின் விளிம்போடு பென்சிலை ஓட்டினால் கோடு நூல் பிடித்தாற்போல் வரும்.

ஒட்டுவதற்கு மர ஃபெவிகால் போதும். துடுப்பின் அடியில் ஒரு பூச்சு பூசி, குழாயில் அழுத்தி எடுத்து, காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சு பூசி ஒட்டினால் பிடிப்பு இறுகும். காய்ந்தபின் மூட்டின் இரு பக்கமும் விரல் நுனியால் ஒரு கோடு பசை ஓட்டிவிட வேண்டும். சாரல் காலத்தில் மற்ற ஊரில் ஒரு மணி நேரத்தில் காயும் பசை இங்கே பிற்பகல் முழுவதும் பிசுபிசுக்கும். காகிதக் குழாய் ஈரத்தை வாங்கி ஊதும். நேற்றுவரை வழுக்கிக்கொண்டு வந்த மூக்குக் கூம்பு இன்று இறுகிக் கிடக்கும். இறுகிய மூக்கு கழலாது. கழலாவிட்டால் பாராசூட் வராது. ஆகவே வார்னிஷ் இரண்டு கை அடித்து, மோட்டாரையும் ராக்கெட்டையும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைப்பது இந்த ஊருக்கு அவசியம்.

பாராசூட் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் தாள். அதன்மேல் முகப்பவுடர் கொஞ்சம் தூவி மடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலே போய் விரியாமல் சுருண்டே விழும். மோட்டாருக்கும் பாராசூட்டுக்கும் நடுவே தீப்பிடிக்காத தாளைக் கசக்கிப் போட வேண்டும். வெளித்தள்ளும் மருந்தின் சூடு பிளாஸ்டிக்கை உருக்காமல் அது தடுக்கும்.

செய்து முடித்த ராக்கெட் நேராகப் பறக்குமா என்பதை ஏற்றாமலே சோதிக்கலாம். மோட்டாரையும் செருகி, ராக்கெட்டை ஒரு விரலின் மேல் கிடத்தி, தராசு போல் நிற்கும் இடத்தைக் குறித்தால் அது எடை மையம். காற்று பக்கவாட்டில் தள்ளும் விசை ஓரிடத்தில் குவிகிறது என்று கொண்டால் அந்த இடம் அழுத்த மையம். எடை மையம் மூக்குப் பக்கமும் அழுத்த மையம் வால் பக்கமும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி குறைந்தது குழாயின் விட்டம் அளவு. அப்போதுதான் ராக்கெட் சற்று அசைந்தாலும் காற்று வாலைத் தள்ளி நேராக்கும். அழுத்த மையத்தைக் கண்டுபிடிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிய வழி, ராக்கெட்டின் நிழலுருவை அட்டையில் வெட்டி அதையும் விரலில் நிறுத்திப் பார்ப்பது. இன்னொரு சோதனை, எடை மையத்தில் இரண்டு மூன்று மீட்டர் நூலைக் கட்டி, தலைக்கு மேல் கவண் போலச் சுழற்றுவது. மூக்கு முன்னால் பார்த்துச் சுழன்றால் சரி. வால் முன்னால் வந்தால் மூக்குக்குள் களிமண் அடைக்க வேண்டும், அல்லது துடுப்பைப் பெரிதாக்க வேண்டும்.

துடுப்பு பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்றால், தென்காசியில் இல்லை. வாலைக் காற்று தள்ளத் தள்ள, மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும். ஏவும்போது ராக்கெட்டை நிமிர்த்திப் பிடித்து வழிகாட்ட ஒரு கம்பி உண்டு; அதை விட்டு வெளியேறும்போது வேகம் நொடிக்கு 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 3 மீட்டர் காற்றில் அதற்கு எதிர்ப்படும் காற்று 14 பாகை சாய்ந்து வரும். 8 மீட்டர் காற்றில் 34 பாகை. ஆடி மாதத்துக் காற்றில் ஏற்றிய ராக்கெட் மலையைப் பார்த்துச் சாய்ந்து ஓடுவது இதனால்தான். நிமிர்ந்து நிற்கப் பார்க்கும் அதன் குணமே அதைச் சாய்க்கிறது.

பிறகு பாராசூட் விரிந்ததும் பாதை தலைகீழாகிறது. மேற்கே ஏறியது கிழக்கே மிதந்து வரும். 50 கிராம் ராக்கெட் ஏ8-3 மோட்டாரில் 70 முதல் 80 மீட்டர் வரை ஏறும். தென்காசிக் கோபுரத்தின் ஏறக்குறைய 180 அடியோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஒன்றரைப் பங்கு. 30 சென்டிமீட்டர் பாராசூட்டில் அது நொடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் இறங்கும். 75 மீட்டரிலிருந்து இறங்க 21 நொடி. காற்று 3 மீட்டராக இருந்தால் 63 மீட்டர் தள்ளி விழும், பார்வையிலேயே இருக்கும். 8 மீட்டராக இருந்தால் 170 மீட்டர். சி மோட்டாரைப் போட்டு 280 மீட்டர் ஏற்றினாலோ, இறங்க 80 நொடி ஆகும். அதே காற்று அதை 640 மீட்டர் கொண்டுபோய் யாருடைய தோப்பில் தென்னைமரத்து உச்சியில் மாட்டும் என்று சொல்ல முடியாது. அமெரிக்கப் பாதுகாப்பு விதி ஏ மோட்டாருக்கு 30 மீட்டர், சி மோட்டாருக்கு 120 மீட்டர் சதுரத் திடலே போதும் என்கிறது. காற்று மணிக்கு 32 கிலோமீட்டர் வரை இருக்கலாம் என்றும் சொல்கிறது. இந்த வட்டாரத்தில் காற்றின் அளவைப் பாதியாக்கி, திடலின் அளவை மூன்று மடங்காக்கிக் கொள்வது நல்லது.

பாராசூட்டுக்குப் பதிலாக ஒரு மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள நாடாவைக் கட்டலாம். படபடவென்று அடித்துக்கொண்டு ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் இறங்கும்; தள்ளிப் போகும் தூரம் பாதியாகும். மென்மையான உழவு மண்ணில் விழுந்தால் துடுப்பும் தப்பும். கிட்டில் பாராசூட் தந்திருந்தாலும் முதல் பறப்புக்கு நாடாவே இங்கே ஏற்றது.

எப்போது, எங்கே என்பதில்தான் இந்த ஊர் ஒரு வேடிக்கை காட்டுகிறது. சாரல் காலத்தில் தரை ஈரம், தீப்பயம் குறைவு. ஆனால் காற்று விடாது. பிசான நெல் அறுத்து முடிந்த வயல்கள் விரிந்து கிடக்கும்போது காற்று தணிந்திருக்கும். ஆனால் தாளும் வைக்கோலும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே மாசி மாதத்து விடிகாலை ஒன்று இருக்கிறது. ஆறரை முதல் எட்டு மணி வரை பனி ஈரம் தாளின்மேல் நிற்கும், காற்றும் எழுந்திருக்காது. வெயில் ஏறினால் இரண்டும் போய்விடும். ஏவும் இடத்தைச் சுற்றித் தாளை அகற்றி, தண்ணீர் தெளித்து, தகடு ஒன்றைப் போட்டு அதன்மேல் கம்பியை நட வேண்டும். ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். மின்கம்பி ஓடும் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும். காற்றாலை உள்ள பக்கத்தைச் சொல்லவே வேண்டாம்.

மூன்று மில்லிமீட்டர் தடிமனும் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரும்புக் கம்பியில் ராக்கெட்டின் பக்கத்துக் குழலைக் கோத்து நிறுத்துவார்கள். குனியும்போது கம்பியின் மேல்முனை கண்ணில் குத்தாமல் இருக்க அதில் ஒரு மூடி வேண்டும். ஏவும்போது மட்டும் எடுத்துவிடலாம். மோட்டாரின் துவாரத்தில் மருந்து தடவிய மெல்லிய மின்கம்பியைச் செருகி, வயரை 5 மீட்டர் தூரத்துக்கு இழுத்து, பேட்டரிப் பெட்டியோடு இணைக்க வேண்டும். பெட்டியின் சாவி ஏற்றுபவரின் சட்டைப்பையில் இருந்தால்தான் மற்றவர்கள் ராக்கெட்டின் அருகே போகலாம். பொத்தானை அழுத்தியும் கிளம்பாவிட்டால் சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் மின்கம்பி மருந்தைத் தொடாமல் நழுவியிருக்கும்.

கிளம்பினால் பார்க்கக் கிடைப்பது கொஞ்சம்தான். சீறல் ஒன்று, ஒரு புகைக்கோடு, அவ்வளவில் கம்பி வெறுமையாக நிற்கும். ஏ8-3 எரிவது ஒரு நொடிக்கும் குறைவு. பிறகு மூன்று நொடி சத்தமில்லாமல் மேலே ஓடும். புகை மட்டும் வழி காட்டும். பின் ‘பொக்’ என்று மெல்லிய ஓசை கேட்கும்.

உயரத்தை அளக்க ஒரு பாகைமானி, ஒரு நூல், நூலில் கட்டிய தூக்குக்குண்டு, குறிபார்க்க ஒரு ஸ்ட்ரா போதும். ஏவும் இடத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக நின்று, பாராசூட் வெளிவரும் கணத்தில் ஸ்ட்ரா வழியாகக் குறிபார்த்து நூலை விரலால் அழுத்திப் பிடித்தால் கோணம் கிடைக்கும். கோணம் 56 பாகை என்றால் அதன் டேன்ஜென்ட் 1.48, 50ஆல் பெருக்கினால் 74 மீட்டர், பார்ப்பவரின் கண் உயரத்தையும் கூட்டிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் உயரங்களும் தொலைவுகளும் பாடம் வயலில் நின்று நடப்பது இதுதான்.

மோட்டார் கிடைக்காத இடங்களில் இதற்கு அடுத்தபடியான வழி தண்ணீர் ராக்கெட். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, வால்வு பொருத்திய ரப்பர் அடைப்பானால் மூடிக் கவிழ்த்து நிறுத்தி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, தூரத்திலிருந்து கயிற்றை இழுத்து விடுவது. பஞ்சர்க் கடைக் கணக்கில் 40 பவுண்டு காற்று போதும். பாட்டில் வாயின் அகலத்தை வைத்துக் கணக்கிட்டால் அந்த அழுத்தத்தில் தொடக்கத் தள்ளுவிசை 20 கிலோ எடைக்குச் சமம். ஏ8 மோட்டாரைப் போல 25 மடங்கு. ஆனால் அது நிற்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவே. தண்ணீர் தீர்ந்ததும் காலிப் பாட்டில் காற்றோடு மோதி வேகம் இழந்துவிடும். தென்னைமர உயரத்தைத் தாண்டினால் நல்ல ஏற்றம். வால்துடுப்பும் எடை மையமும் இதற்கும் அதே கணக்குதான். கீறல் விழுந்த பாட்டிலை மறுபடி பயன்படுத்தக்கூடாது. கண்ணாடிப் பாட்டிலைத் தொடவே கூடாது.

இதில் தீ இல்லை, கருமருந்து இல்லை, ஏறும் உயரமும் குறைவு. பாராசூட் இல்லாததால் காற்று தூக்கிப் போவதும் கொஞ்சமே. கருமருந்து ராக்கெட்டை டப்பாவுக்குள் மூடி வைக்க வேண்டிய ஆனி, ஆடி மாதங்களில், சாரல் முகத்தில் தெறிக்கும் பள்ளித் திடலில் இதை ஏற்றலாம். ஏவுதளத்தைச் சற்றே கிழக்குப் பக்கம் சாய்த்து வைத்தால், மேற்கே திரும்பப் பார்க்கும் பாட்டில் ஏறக்குறைய நேராக எழும்பும். விழும் இடம் நாளுக்கு நாள் மாறும். சுண்ணாம்புத் தூளால் அதைக் குறித்துக்கொண்டே வந்தால், ஒரு வாரத்தில் அந்தத் திடலின் காற்று எந்த மணிக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தரையிலேயே படமாகக் கிடக்கும்.